சுருதி இறக்கிப் பாடிய பாட்டு

சிராங்கூன் சாலையில் கடலை வண்டியின் கார்பைட் விளக்கு நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அதே நாற்றம் நிறைந்த நாடகக் கொட்டகையில், பெண்கள் பக்கத்துப் பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். நான் பிறக்கும் முன் இங்கே நடந்த நாடகத்தை அதே கம்பெனி திரும்பவும் போட்டது. அன்றுதான் முதல் ஆட்டம். அதில் பெண் வேஷம் கட்டுபவரின் பாட்டென்றால் அம்மாவுக்கு உயிர். காய்ச்சலில் அவர் குரல் போய்விட்டதென்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வந்து பாட்டை எடுத்தார். உச்சத்தில் குரல் உடைந்தது. ஆண்கள் பக்கம் சீட்டியடித்தார்கள். "திரையை இறக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

அம்மா சட்டென எழுந்தாள். "சத்தம் போடாதீங்க! அவரைப் பாட விடுங்க!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பெண்கள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், அவள் உட்காரவில்லை. அந்தப் பக்கம் அப்பா எழுந்தார். வீட்டில் அம்மா பாட்டு முணுமுணுத்தாலே அதட்டுகிற மனிதர். எங்களை இழுத்துக்கொண்டு போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன்.

அப்பா சீட்டியடித்தவர்கள் பக்கம் திரும்பினார். "பாட விடச் சொல்லுதுல்ல? உக்காருங்கய்யா!"

நடிகர் ஆர்மோனியக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். சுருதி இறங்கியது. தாழ்ந்த குரலில் முழுப்பாட்டையும் பாடி முடித்தார். அம்மா நின்றபடியே கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள். சந்து முனையில் அவர் நின்றார்.

"நாளைக்கும் இதே நாடகம்தானாம்," என்றார். "சீக்கிரம் சமைச்சிரு."