எது முந்தி வரும்?

திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வாழைக்கறை. இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமின் படத்தை போனில் காட்டி, மகள் ஆசைப்படுவதாகச் சொன்னார்.

பெரிய திரையில் அதன் டிரெய்லரை ஓடவிட்டேன். அவர் கையைக் குழாய்போல் மடக்கி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகவே முழுவதையும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“டிவியில மாட்டி விளையாடுற கன்சோலுக்கு இந்தத் தீபாவளிக்கே வந்துரும்ணே. கம்ப்யூட்டருக்கு வர இன்னொரு வருஷம் ஆகும். ஆனா அதுல படம் அம்புட்டுத் தெளிவா இருக்கும். பொறுத்து வாங்குங்க” என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை.

“பாப்பாவுக்கு இம்புட்டுதான் தெரியுது தம்பி. சுத்தி எல்லாம் இருட்டிருச்சு. இதுவும் சுருங்கிக்கிட்டேதான் போகும்னு மதுரை டாக்டர் சொல்லிட்டாரு. தெளிவு கிடக்கட்டும், எது முந்தி வரும்? அதைக் குடுங்க.”

கன்சோலை அன்றே வாங்கிக்கொண்டார். “கேம் வந்ததும் ஒரு போன் போடுங்க. சித்தையன்கோட்டையிலருந்து அடுத்த பஸ்ஸுல வாரேன்” என்று கிளம்பினார். பெயர் கேட்கத் தோன்றாமல், ‘சித்தையன்கோட்டை அண்ணன்’ என்று எண்ணைப் பதிந்துகொண்டேன்.

நேற்று அந்த கேமைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் திட்டித் தீர்க்கிறார்கள். நான் இன்னும் அவருக்கு போன் போடவில்லை. திரையில் பழைய டிரெய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. கையை மடக்கிக் கண்ணில் வைத்து, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்க்கிறேன்.