இரண்டு காதுக்கும் இரண்டு சுருதி

"யாரு இன்னொரு சுருதிப்பெட்டியைப் போட்டது? அதை நிறுத்துங்க" என்று அக்கா கேட்ட அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேலைக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாட்டு கற்க வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு சுருதிப்பெட்டிதான். ஒருத்தி எழுந்துபோய் அதை நிறுத்தினாள். "ம், இப்பத்தான் ரெண்டும் நின்னுச்சு" என்றார் அக்கா. சொல்லி முடித்த கணத்திலேயே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. பெட்டியை மறுபடி போடச் சொல்லி வலது காதைப் பொத்தினார், கையை எடுத்தார், இடது காதைப் பொத்தினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, "இன்னைக்கு இது போதும், போயிட்டு வாங்க" என்றார்.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் ஓரகத்தியை. எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. ஸ்ரீரங்கம் வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அக்கா கே.கே. நகரில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். காலையில் கூடத்தில் வகுப்பு, பகலில் பள்ளி, சாயங்காலம் லேப்டாப் முன்னால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இத்தனைக்கும் நடுவில் அவர் படித்துக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் உட்கார்ந்தால் கையில் ஒரு புத்தகம். காவிரிப் பாலம் வந்தால் மட்டும் தலையைத் தூக்கித் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். மிக்ஸி வாங்கினால் அதோடு வரும் சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒரே மனுஷியை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்தேன். வைஃபை நின்றுபோனால் அண்ணன் தம்பி இருவரும் "அண்ணி எங்கே", "அவளைக் கூப்பிடு" என்றுதான் தேடுவார்கள்.

தில்லைநகரில் காது டாக்டரைப் பார்க்க நான்தான் உடன் போனேன். இரண்டு வாரம் முன்பு வந்துபோன காய்ச்சல் இடது காதின் உள்நரம்பைத் தொட்டிருக்கலாம் என்றார் அவர். ஒரே ஸ்வரம் வலது காதில் அதன் இடத்திலும், இடது காதில் சற்று மேலேயும் கேட்டது. மாத்திரை எழுதினார். "சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. பேச்சு நல்லா கேக்குதுல்ல? கவலைப்படாதீங்க" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பேச்சு கேக்குது. ஆனா என் தொழில் பேச்சு இல்லையே."

மாத்திரை தீர்ந்தது, காது மாறவில்லை. அக்கா பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார், வீட்டு வகுப்புகளையும் நிறுத்தினார். "அதான் ஒரு காது நல்லா இருக்கே அக்கா, பஞ்சு வச்சுக்கிட்டு சொல்லிக்கொடுங்களேன்" என்று விவரமில்லாமல் சொன்னேன். "பஞ்சு வச்சா வெளிச்சத்தம் குறையும். ஆனா என் குரல் எலும்பு வழியா உள்ளயே போயிடுதே. நான் பாடினா எனக்கே ரெண்டு பேர் பாடறாங்க. தப்பான சுருதியை ஒரு பிள்ளை காதுல ஏத்திட்டா அப்புறம் எடுக்க முடியாதும்மா" என்றார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பாட்டுச் சத்தத்தில்தான் நான் சமைத்திருக்கிறேன். பாட்டு நின்றுபோன அந்த நாட்களில் குக்கர் விசில் கேட்டால்கூடத் திடுக்கிட்டேன்.

அவர் அழுது நான் பார்க்கவில்லை. படிப்பதைத்தான் பார்த்தேன். காது எப்படிக் கேட்கிறது, நரம்பு எப்படி மூளைக்குச் சொல்கிறது, இதே தொல்லை வந்த இசைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று ஆங்கிலக் கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, புரியாத சொல்லுக்கு அகராதி பார்த்துப் பார்த்துப் படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கீழே கூப்பிட்டார். லேப்டாப் திரையில் கணக்கு நோட்டில் போட்டதுபோல வரிசையாகப் படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ, ரி, க என்று எழுத்து. அக்கா குரல் கொடுத்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவே, சுருதி ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, இன்னொரு கோடு ஓடியது.

"நீ ரயில்வேல டிராயிங் போடறவ. கோடு கோணலா நேரான்னு உன் கண்ணுக்குத் தெரியும். நான் திரையைப் பார்க்காம பாடறேன். என் கோடு அந்தக் கோட்டு மேல உக்காருதா, மேல போகுதா, கீழ போகுதா, அதை மட்டும் சொல்லு."

அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் அதுவே எங்கள் வேலை. அவர் ஒற்றை ஸ்வரத்தைப் பிடிப்பார். நான் "மேல", "இன்னும் மேல", "இப்ப சரி" என்பேன். "சரி" என்றதும் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் விரலை வைத்து, அந்த இடத்தில் உடம்பு எப்படி அதிர்கிறது என்று நெடுநேரம் பார்ப்பார். இரண்டு காதில் எதை நம்புவது என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, தொண்டையும் மார்பும் சொல்வதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார். சிறு பெண்ணாகக் கற்ற முதல் பாடத்துக்கே இந்த வயதில் திரும்பிப் போய், கோபமில்லாமல், ஸ என்று ஆரம்பித்தார். தவறிய நாட்கள்தான் அதிகம். "இன்னைக்குப் போதும்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு மாவு அரைக்கப் போய்விடுவார். மறுவாரம் மறுபடி ஸ.

மழை பெய்த ஒரு நாள், ஒற்றை ஸ்வரத்தோடு நிறுத்தாமல் மெதுவாக ஒரு ராகத்தை எடுத்தார். நான் திரையைப் பார்த்தபடி "மேல" சொல்லத் தயாராக இருந்தேன். சொல்ல இடமே வரவில்லை. கோடு ஒரு ஸ்வரத்திலிருந்து கிளம்பி, அடுத்ததைத் தொடாமல் அதன் விளிம்பு வரை போய் வளைந்து, மூன்று முறை அசைந்து, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. வாழ்நாளெல்லாம் வளைவு வரைந்து சம்பாதிக்கிறவள் நான். அப்படியொரு வளைவு என் கையால் வராது, எந்தக் கருவியை வைத்துப் போட்டாலும் வராது. இத்தனை வருடம் மாடியில் துணி மடித்துக்கொண்டே கேட்ட பாட்டுக்குள் இது இருந்ததா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடி முடித்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

வகுப்பைத் திறப்பதற்கு முன் எல்லாப் பெற்றோரிடமும் தன் காதைப் பற்றி மறைக்காமல் சொன்னார். சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளித் தலைமையாசிரியை மட்டும், "திங்கட்கிழமை வந்துருங்க டீச்சர், பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். பிறகு அக்கா, தனக்கு வந்தது என்ன, தான் என்ன செய்தார் என்று எளிய தமிழில் பேசி, போனிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டார். படித்துத் தெரிந்துகொள்ளத் தனக்கு ஆங்கிலம் இருந்தது, இல்லாதவர் என்ன செய்வார் என்பது அவர் கவலை.

சென்ற மாதம் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஒரு வயலின்காரர் மனைவியோடு வந்தார். அதே தொல்லை. வயலின் பெட்டியை அந்த அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தார். "தொடவே மாட்டேங்கிறாருங்க" என்றார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வாசிங்க" என்றார்.

"என்ன வாசிக்கிறேன்னு எனக்கே தெரியாதுங்கம்மா."

"உங்களுக்குத் தெரிய வேண்டாம். நான் கேக்கறேன்."

அவர் தரையில் உட்கார்ந்து வில்லை எடுத்தார். வலி எடுத்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாசித்தார். அக்கா கண்ணை மூடி, வலது காதை அவர் பக்கம் திருப்பி, தன் மார்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். எனக்கு ராகம் தெரியாது. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வில் நின்றது. அக்கா கண் திறந்தார்.

"எல்லாம் அதது இடத்துல இருக்குங்க. உங்க விரலுக்கு ஒண்ணுமே ஆகல."

வயலின்காரர் தன் இடது கையைத் தூக்கி, யாருடையதோபோல விரல்களைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே, மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.