லேமினேஷன் போட்ட போனஃபைடு

சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறினால், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைதான் எனக்கு இன்றும் நினைவுக்கு வரும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், பள்ளியில் தந்த "போனபைட்டு" சீட்டுக்கு அம்மா அங்கேதான் லேமினேஷன் போட்டாள். ரேஷன் அட்டையோ சாதிச் சான்றோ, முத்திரை விழுந்த காகிதம் எது கைக்கு வந்தாலும் எங்கள் பக்கத்தில் முதல் வேலை அதுதான். நனையாது, கரையான் அரிக்காது, பார்க்கவும் கெத்தாக இருக்கும்.

இந்தப் பெண் இந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று தலைமை ஆசிரியர் எழுதித் தரும் அந்தச் சீட்டைக் காட்டினால்தான் மாணவியர் விடுதியில் இடம். மறுநாள் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறார்கள். விடுதி கிடைக்காவிட்டால் நானும் கூடப் போய், மணல் மேட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். படிப்புக்கு அன்றோடு முழுக்கு.

விடுதிக் காப்பாளர் அம்மாள் சீட்டை வாங்கி முத்திரையைக் குத்தினார். மை வழுக்கி அவர் கட்டைவிரலில் ஒட்டியது.

"இன்னாம்மா இது, இதுல நான் எங்க கையெழுத்துப் போடறது?"

"நனைஞ்சிடப் போவுதேன்னு போட்டுகினு வந்தேங்க" என்றாள் அம்மா. அன்று வெள்ளிக்கிழமை. பள்ளியைப் பூட்டியாயிற்று, வேறு சீட்டு வாங்கத் திங்கட்கிழமை ஆகும், விடுதியில் சேர அன்றே கடைசி நாள். அப்பா நகத்தால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

காப்பாளர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். "பாப்பா இங்கியே இருக்கட்டும். திங்கக்கெழம வேற சீட்டு வாங்கினு வரட்டும். நீங்க போயிட்டு வாங்க."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுதியை விட்டுக் கிளம்பிய அன்று, "அன்னைக்கி எங்கள எப்டி மேடம் நம்புனீங்க?" என்று கேட்டேன்.

"நம்பிட்டேன்னு யாரு சொன்னா? நீ சீட்டோட வர்ற வரிக்கும் எனக்கு சோறே எறங்கல போ" என்று சிரித்தார்.

கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும்போதுதான் எங்கள் போனபைட்டு, "போனா ஃபைடு" என்ற லத்தீன் தொடர் என்று தெரிந்தது. போனா என்றால் நல்ல. ஃபைடு என்றால் நம்பிக்கையோடு. மனதில் கள்ளமில்லாமல் செய்த காரியத்தையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்களாம், போலியில்லாத பொருளையும் அப்படியே சொல்வார்களாம். நாமோ அதை ஒரு காகிதத்தின் பெயராக்கி, "ஒரு போனபைட்டு குடுங்க" என்று பள்ளி அலுவலக ஜன்னலில் கேட்கிறோம். அகராதியில் அந்தப் பொருளைப் படித்ததும் காப்பாளர் முகம் நினைவுக்கு வந்து, மனசு நிறைந்துபோயிற்று.

இப்போது நான் கரியாலூர்ப் பக்கம் மலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு தந்திருக்கும் எண்ணைத் தட்டினால் அது எங்கே படிக்கிறது என்று கணினியே சொல்லிவிடுகிறது. சீட்டும் கையுமாக யாரும் அலைவதில்லை. நல்லதுதான். ஆனால் கணினியில் எண் வராத பிள்ளையை உள்ளே சேர்த்துக்கொண்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் தவிக்க, விடுதி மேசைக்குப் பின்னால் இன்று ஆளில்லை.