மாட்டுக்கொட்டகையில் செருகி வைத்த கார்டு

யுத்தம் முடிந்த சமயம். நானும் என் வீட்டுக்காரரும் காசிக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திருத்தணிக்குத் திரும்பினோம். கங்கைச் சொம்பைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் கண்ணில் பட்டது ஒரு கோணிப்பை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பாவா, அதாவது காலமாகிவிட்ட என் அக்காவின் புருஷன், வந்த காகிதத்தையெல்லாம் அதில்தான் திணித்து வைத்திருந்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.

அப்படியே தரையில் கொட்டினேன். அடேயப்பா, என்ன தூசி! ரேஷன் கார்டைப் புதுப்பிக்கச் சொல்லித் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மட்டும் மூன்று, மூன்றிலும் ஒரே சங்கதி. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் வேறு. முடிந்துபோன கல்யாணங்களுக்கு இனி யார் போய் விசாரித்துவிட்டு வருவது? வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடும் சாக்கில் மெல்ல நழுவப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க இங்கயே."

சும்மா சொல்லக்கூடாது, சொந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து இப்படி அதிகாரம் பண்ணுவது சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் தேடியது ஒரே ஒரு தபால் கார்டை. பம்பாயில் இருக்கும் என் மகளுக்கு அப்போது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் என் கையில்தான் நடந்தன. இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் மாமியார் சொன்ன தைரியத்தில்தான் காசிக்கே கிளம்பினேன். குவியலின் அடிவரை வந்தாகிவிட்டது, பம்பாய்க் கார்டைக் காணோம்.

"பாவா, பொண்ணுகிட்டருந்து ஒண்ணுமே வரலியா?"

ஸ்டேஷனில் பார்த்தபோதே மனிதர் பாதியாய் இளைத்திருந்தார். தானே பொங்கித் தின்ற லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய், கூரையில் செருகியிருந்த கார்டு ஒன்றை உருவிவந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

கார்டின் மூலையில் கறுப்பு. சாவுச் செய்திக்குத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கறுப்புத் தடவி அனுப்புவார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுக்குள் வைக்க மாட்டோம். எனக்கு ஓர் எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். எழுதியிருந்தது மகளின் மாமியார்.

"பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் சௌக்கியம். குழந்தை அத்தனை அழகு. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று கார்டுக்கும் திருஷ்டி மை வைத்திருக்கிறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எழுத்து தெரிஞ்சவங்களே இல்லியா இந்த ஊர்ல? யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்றதுதான? இத வெச்சிகினு தனியாவா கெடந்தீங்க?"

பாவா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பம்பாய்க் கார்டுன்னு தபால்காரரு குடுத்து, படிக்கறேன்னுதாம்மா சொன்னாரு. நான்தான் வாணாம்னு புடுங்கிகினேன். படிக்காத வரைக்கும் நம்ம பொண்ணு உசுரோடதான இருப்பா?"

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கார்டை முதலிலிருந்து உரக்கப் படித்தேன்.