அக்கா சொன்ன ‘வேண்டாம்’

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொழிக்காரம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரும் ஒன்று இருக்கத்தான் செய்தது. வேலை நேரத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல் தெரியாது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனாள். சலவை அறைப் பெண்களிடமும் மேஸ்திரியிடமும் திட்டு வாங்கியே அந்த ஊர் மொழியும் இன்னும் இரண்டு மூன்று மொழியும் கற்றாள். திட்டு வாங்கிக் கற்ற மொழி லேசில் மறக்காது. ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெரியவர் சொன்னது டாக்டருக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னது பெரியவருக்குப் புரியவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் நடுவில் புகுந்தாள். அன்றோடு துடைப்பம் போய் மொழிபெயர்ப்பாளர் நாற்காலி வந்தது.

அந்த நாற்காலிக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளியின் தோளுக்குப் பின்னால் நின்று, அவராகவே பேச வேண்டும். ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக்கூடாது; ‘எனக்கு வலிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, சொந்தக்காரர்களுக்குப் பேசவே கூடாது. பாசம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று மேலிடத்துக்குத் தெரியும். பஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கு முதல் கட்டுப்பாடு போதும், வாரம் முழுக்கக் கிண்டலடிக்க. “இது உன் தலைவலியா, கடன் வாங்கிட்டு வந்த தலைவலியா? அதைச் சொல்லு, அப்புறம் தைலம் தேய்க்கறேன்” என்பான்.

அவளைக் கேட்டால் மனிதர்கள் பேசுவதிலேயே பாடாய்ப்படுத்துவது மறுப்புதான். அந்த ஊர் மொழியில் அதற்கு ஒரே ஒரு குட்டிச் சொல்; வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும். மலைப்பக்கத்திலிருந்து வரும் கொத்தனார்களுக்கோ தனியாக அப்படி ஒரு சொல்லே கிடையாது. சாப்பிட்டாயா என்றால் ‘சாப்பிடலை’, தூங்கினாயா என்றால் ‘தூங்கலை’ என்று கேட்ட வினையையே திருப்பிப் போட்டாக வேண்டும். ‘வலி இல்லையே?’ என்று கேட்டால் சிலர் ‘ஆமாம்’ என்பார்கள். வலி இல்லை என்று அர்த்தம். வேறு சீமையிலிருந்து வந்து வேன் ஓட்டுகிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மோவாயை மேலே தூக்கி நாக்கால் ஒரு ‘ச்’. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து முகம் சிவந்துபோனார். நம் ஆட்களிடமோ இது ஒரு குடும்பமாகவே இருக்கிறது. இருக்கா என்றால் இல்லை, வேணுமா என்றால் வேண்டாம், வருவியா என்றால் மாட்டேன், செய்யலாமா என்றால் கூடாது. இத்தனையையும் அந்த ஒரு குட்டிச் சொல்லுக்குள் திணிப்பதுதான் அவள் பிழைப்பு. அதில் ஒரு தடவைகூட அவள் தப்பு செய்ததில்லை, அக்கா விஷயம் வரைக்கும்.

அக்கா தையல்காரி. அம்மா இல்லாத வீட்டில் இவளைத் தலைவாரி வளர்த்தவள். கணவன் இறந்த பிறகு இந்த ஊருக்கே வந்து, தங்கையின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் மெஷினோடு குடியிருந்தாள். மார்பில் கட்டி வந்தபோது வேறு மொழிக்காரரைக் கூப்பிடலாம் என்றதற்கு ஒரே பிடிவாதம். “கண்டவங்க முன்னாடி சட்டையைக் கழட்ட என்னால ஆகாது. நீ வா, இல்லன்னா நான் வரலை.” வேறு வழியில்லாமல் உறவை மறைத்துக்கொண்டு இவளே பின்னால் நின்றாள்.

முதல் சுற்று மருந்தில் முடி கொட்டியது, வாய் புண்ணானது. அதையெல்லாம் அக்கா பொறுத்துக்கொண்டாள். விரல் நுனி மரத்துப்போனதைத்தான் தாங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்து அழுதாள். பல மாதம் கழித்து உணர்ச்சி மெல்லத் திரும்பி, மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிய சமயத்தில் நோயும் திரும்பிவிட்டது, இந்த முறை ஈரலில்.

டாக்டர் ஒளிக்கவில்லை. “இது குணமாக்காது. கொஞ்ச காலம் கூட்டித் தரலாம். பக்க விளைவு முன்ன மாதிரியேதான் இருக்கும். என்ன செய்யலாம்?”

இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா யோசிக்கக்கூட இல்லை.

“வேண்டாம்னு சொல்லுடி. விரல் இப்பத்தான் வந்திருக்கு. இருக்கற வரைக்கும் தைச்சிட்டுப் போறேன்.”

மொழிக்காரம்மா டாக்டர் பக்கம் திரும்பினாள். பந்தியில் உட்கார்ந்தவர் வேண்டாம் வேண்டாம் என்பார், நாம் விடுவோமா? இன்னொரு கரண்டி போடத்தானே செய்வோம்? இதுவும் அந்த வேண்டாம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அந்த வேண்டாம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் டாக்டரிடம், “எனக்குப் பயமா இருக்கு. ஆனா சரி, ஆரம்பிக்கலாம்” என்றாள்.

டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னார். அக்கா, மனிதர் நம் பேச்சை மதித்துவிட்டார் என்று மனம் நிறைந்து சிரித்தாள். டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்து எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, வலி மருந்துக்கு என்றாள் தங்கை.

பிறகு வீட்டில் பால் பொங்கி வழிந்தது, சோறு அடிப்பிடித்தது. “என்ன ஆச்சு உனக்கு?” என்று கணவன் கேட்டான். “ஒண்ணுமில்லை” என்றாள். அந்த மறுப்பை எந்த மொழியில் சொன்னாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். அக்காவைப் பார்க்கப் போகவே பயமாக இருந்தது. போனால் மெஷின் ஓடும் சத்தம் வாசலிலேயே கேட்கும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள்.

குறித்த நாளில் அக்கா கட்டிலில் படுத்தாள். வலிக்கு மருந்து ஏற்றப் போகிறார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். நர்ஸ் வந்து, வெளிச்சம் படாமல் உறை போட்ட பையைக் கம்பியில் மாட்டினாள். முதல் சுற்று முழுக்கப் பார்த்த அந்த உறையை அக்காவுக்குத் தெரியாதா? பையைப் பார்த்தாள், அப்புறம் தங்கையைப் பார்த்தாள். திட்டவில்லை. கையை மட்டும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. “கையை ஏன் மறைக்கிறாங்க? என்ன சொல்றாங்க?”

அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததை மொழிபெயர்க்கும் வேலை இவளுக்கு இல்லை. பயப்படுகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று சமாளித்திருக்கலாம், நர்ஸ் நம்பியிருப்பாள். இப்போதுதான் உணர்ச்சி திரும்பிய அந்த விரல்கள் போர்வைக்குள் இருந்தன. நாற்காலி போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

“வேண்டாம்னு சொல்றா. அன்னிக்கே அதைத்தான் சொன்னா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“நீங்களா? ஏன்?”

“இவ என் அக்கா.”

நர்ஸ் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடப் போனாள். வேகமாகத்தான் போனாள், சும்மா விடப் போவதில்லை என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

அக்கா கையை வெளியே எடுத்தாள். “இப்ப அவகிட்ட என்னடி சொன்ன?”

“நீ சொன்னதைத்தான்.”

“பூரா சொன்னியா?”

“பூரா சொன்னேன்க்கா.”

அக்கா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். தோளுக்குப் பின்னால் நின்றே பழகியவள் முதல் தடவையாக முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“நீ இல்லாம நான் என்னக்கா பண்ணுவேன்?” என்றாள். அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.