வியாழக்கிழமை ஸ்ட்ராபெரி

மார்க்கிரட் சண்முகரத்தினம் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக அவள் உணவு ஆலோசகர். சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, எடையை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'மிஸ்'. நரைத்த மீசைக்காரர்கள்கூட அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்தவர். அவருடைய சர்க்கரை நோய்க்கு வாய்த்த டாக்டர் தங்கமான மனுஷன். "கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க, சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அப்பாவும் கொஞ்சம் பார்த்துவிட்டு நிறையவே சாப்பிட்டார். முதலில் பெருவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. அவரை அடக்கம் செய்த அன்றைக்கே மார்க்கிரட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நம்ம ஆட்களுக்கு இதமாகச் சொன்னால் ஏறாது, நறுக்கென்று சொன்னால்தான் ஏறும்.

ஆனால் அவள் கையில் கொடுக்கும் தாளைப் பார்த்தால் இதே மனுஷியா எழுதினாள் என்று தோன்றும். அவ்வளவு நிதானம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சம் பாதி காய். எந்த வேளையும் பட்டினி கிடக்கக் கூடாது. மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தால் போதும். கடைசி வரியை அவளே தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்: 'கண்ணில் கோளாறு உள்ளவர்கள் சர்க்கரையை மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.' தாளில் ஒரு குறை சொல்ல முடியாது.

வாய்தான் வேறு. திங்கட்கிழமை தோறும் தராசைக் கொண்டுவந்து காத்திருக்கும் கூடத்தின் நடுவில் வைப்பாள். ஒவ்வொருவராக ஏற வேண்டும். கிலோவை அவள் உரக்கச் சொல்வாள். குறைந்திருந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்ட வேண்டும், கூடியிருந்தால் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கிறதுக்குப் பயந்தே பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

தனலெட்சுமி கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்தாள். நாற்பத்தொன்பது வயது. கையுறைத் தொழிற்சாலையில் கண்பார்வை வேலை அவளுக்கு. விளக்கு வெளிச்சத்தில் கையுறையை விரித்துப் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது, இடது கண்ணில் சர்க்கரை வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு பன்னிரண்டில் நின்றது. எட்டுக்குக் கீழே வந்தால்தான் கண்ணில் கத்தி வைப்பேன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கண் போனால் வேலை போகும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் மலர் இன்னும் படிக்கிறாள்.

முதல் நாளே தனலெட்சுமி தூக்குச்சட்டியோடு வந்திருந்தாள். வேலைக்குப் போகிற வழி. மார்க்கிரட் அதை வாங்கி, கூடத்தில் பத்துப்பேர் பார்க்கத் திறந்தாள்.

"இது ஒரு ஆளுக்கா, இல்ல லோரிக்கு ஏத்துறதுக்கா?"

கூடம் சிரித்தது. தனலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்வாள்.

"மூனு வேளையும் சாப்பிடணும்னு..." என்று அவள் இழுத்தாள்.

"சாப்பிடுங்க லா. எண்பத்து நாலு கிலோ. இன்னும் சாப்பிடுங்க. கண்ணு போனப்புறம் தட்டு எங்க இருக்குன்னு தடவித் தடவிச் சாப்பிடலாம்."

இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த நிதானமான தாளைக் கையில் கொடுத்தாள். தனலெட்சுமிக்கு அதற்குப் பிறகு தாள் எங்கே கண்ணில் படும்? பட்டினி கிடக்காதே என்று தாள் சொன்னது. சாப்பிட்டால் குருடாவாய் என்று மிஸ் சொன்னாள். இரண்டில் சத்தமாகச் சொன்னதை அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலையில் சீனி போடாத தேத்தண்ணி, மதியம் அவித்த கங்கோங் கீரை ஒரு பிடி, அவ்வளவுதான். இன்சுலின் ஊசியை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை. சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட், அதற்கும் குற்றவாளி மாதிரி சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுவாள்.

சாப்பாட்டு நோட்டு ஒன்று எழுத வேண்டும். தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுதி மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். கங்கோங்கை மட்டும் எழுதினால் மிஸ் ஏசுவாள், சாப்பிட்டதாகப் பொய் எழுதினாலும் ஏசுவாள். தனலெட்சுமி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மிஸ் கொடுத்த தாளின் பின்பக்கம் ஒரு வாரத்து மாதிரிச் சாப்பாடு அச்சடித்திருந்தது. அதையே வாராவாரம் பார்த்து எழுதிவிட்டாள். மிஸ் எழுதியதை மிஸ் எப்படித் தப்பென்று சொல்வாள்?

அந்த மாதிரிப் பட்டியலை மார்க்கிரட் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தாள். அதில் வியாழக்கிழமைக்கு 'தயிர், ஸ்ட்ராபெரி ஐந்து' என்று இருந்தது. தனலெட்சுமியின் நோட்டிலும் எல்லா வியாழக்கிழமையும் தயிர், ஸ்ட்ராபெரி ஐந்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து.

மார்க்கிரட் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. கையுறைத் தொழிற்சாலைக்காரி வாராவாரம் ஸ்ட்ராபெரி தின்கிறாளாக்கும் என்று மனசுக்குள் சிரித்தாள். ஆனால் தராசு ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைவாகக் காட்டியது. தாளின்படி இரண்டுதான் குறைந்திருக்க வேண்டும். அந்த ஐந்தைக் கேள்வி கேட்டால் கைதட்டலையும் கேள்வி கேட்க வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு டிக் போட்டாள். நான்கு மாதம் இப்படியே போனது.

நான்காவது மாதம் தனலெட்சுமி அறுபத்தெட்டு கிலோ. சர்க்கரை ஆறு புள்ளி ஒன்பது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மார்க்கிரட் அவளைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். சுவரில் மாட்டினாள். "பாருங்க, மனசு வச்சா முடியும்" என்று கூடத்துக்கே சொன்னாள்.

படம் எடுக்கும்போது தனலெட்சுமி மெல்லச் சொன்னாள். "மிஸ், இடது கண்ணுல நூலாம்படை மாரி என்னமோ ஓடுது."

"கண் டாக்டர் கிட்ட சொல்லுங்க. சர்க்கரைதான் எறங்கிருச்சே, இனிமே பயமில்ல. நெக்ஸ்ட்!"

மூன்று வாரம் கழித்து கண் டாக்டரிடமிருந்து மார்க்கிரட்டுக்குக் கடிதம் வந்தது. இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கண்ணின் புரையை எடுத்துப் பார்த்தால் அதன் பின்னாலும் அதே கதி. சர்க்கரையை இவ்வளவு வேகமாக இறக்கியதில் கண் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். நோயாளி என்ன சாப்பிட்டார் என்ற விவரத்தைத் தயவுசெய்து அனுப்புங்கள்.

மார்க்கிரட் கோப்பிலிருந்த நோட்டின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை, ஸ்ட்ராபெரி ஐந்து, சிவப்பு டிக். பதினாறு வியாழக்கிழமை, பதினாறு டிக். அனுப்புவதற்கு அவளிடம் வேறெதுவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தனலெட்சுமி வந்தாள். மலர் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டி வந்தாள். மார்க்கிரட் அவசரமாக எழுந்துபோய் அவர்களை அறைக்குள் அழைத்தாள். தனலெட்சுமி உட்காரவில்லை.

"ஏசாதீங்க மிஸ். இந்த மாசம் நோட்டு எழுதல. கண்ணு தெரியல."

"தனலெட்சுமி, நீங்க உண்மையில ஸ்ட்ராபெரி சாப்பிட்டீங்களா?"

"அது எப்டி இருக்கும்னே தெரியாது மிஸ். சூப்பர்மார்க்கெட்ல டப்பாவுல பாத்திருக்கேன். நீங்க டிக் போட்டீங்களே, அதான் சரியாத்தான் போகுதுன்னு நெனச்சேன்."

மலர் மார்க்கிரட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் மார்க்கிரட்டுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேலை?" என்று மார்க்கிரட் கேட்டாள்.

"நிப்பாட்டிட்டாங்க. பரவால்ல மிஸ். இன்னும் கொஞ்சம் கொறச்சா கண்ணு திரும்புமா? கங்கோங்க நிறுத்திட்டேன். தேத்தண்ணி மட்டுந்தான் குடிக்கிறேன்."

சாப்பிடுங்கள், தனலெட்சுமி, தயவுசெய்து சாப்பிடுங்கள் என்று சொல்ல மார்க்கிரட் வாயெடுத்தாள். அதற்குள் தனலெட்சுமி திரும்பிக் கதவைத் தடவிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். தராசு இருக்கும் இடம் அவளுக்குக் கண் இல்லாமலே தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

"எவ்ளோ மிஸ்? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

மார்க்கிரட் பின்னாலேயே ஓடி வந்தாள். அறுபத்து மூன்று என்று காட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு மீசைக்கார அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, மிஸ்ஸுக்கு உதவி செய்கிற நினைப்பில், உரக்கச் சொன்னார். கூடம் கைதட்டியது. தனலெட்சுமி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.