நொய்யல் பாலத்தில் மறித்த லாரி

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிளம்பினோம். கார் ஓட்டியவள் என்னைவிட இளையவளான என் தோழி சுமதி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் ஊர்ச் சாக்கடையெல்லாம் சேரும் நொய்யல் ஆறு, காவிரியில் கலக்குமிடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட எங்களுக்கு ஆசை. அங்கிருந்து எல்லாம் கடலுக்குத்தான் போகிறது.

அவிநாசியில் டீ பதினைந்து ரூபாய். அடுத்த பதினான்கு கிலோமீட்டரில் திருப்பூர். ஊர் தாண்டி ஆற்றோரச் சாலையில் திரும்பியதும், ஒரு சிறு பாலத்தருகே மினி லாரியொன்று கரையை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. வண்டி நிறைய பனியன் கம்பெனிக் குப்பை: வெட்டுத்துணி, பாலித்தீன் கவர், காலிச் சாய டப்பாக்கள்.

சுமதி லாரிக்கும் ஆற்றுக்கும் நடுவே காரை நிறுத்தினாள். இறங்கிப் போய் டிரைவரைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்கண்ணா, இங்க கொட்டாதீங்க.”

டிரைவர் இறங்கி வந்தார். “எல்லாரும் இங்கதானுங்க கொட்டறாங்க. மழை வந்தா அடிச்சுட்டுப் போயிருமுங்க.”

“எங்கீங்க போகும்?”

“காவேரிக்கு. அப்பறம் கடலுக்கு. கடலு எத்தாப் பெருசுங்கம்மணி.”

“எல்லா ஊர்லயும் அப்படித்தானுங்க நெனைக்கறாங்க.”

அவர் முதலாளியை அழைத்துப் போனை அவளிடம் நீட்டினார். அவர் மிரட்டியது காருக்குள் இருந்த எனக்கே கேட்டது.

“கார எடுக்கமாட்டேனுங்க,” என்றாள் சுமதி, அதே மரியாதையோடு. “பிரிச்சுக் குடுத்தா துணி வாங்கவும் ஆள் இருக்குது, கவர் வாங்கவும் ஆள் இருக்குது. ஆத்துல கொட்ட விடமாட்டேனுங்க. ஆளு அனுப்பறதுன்னா அனுப்புங்க.”

நானும் இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறியது. பைக்கில் போனவர்கள் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கியதும் முதலாளி மறுபடி அழைத்து, லாரியைக் குடோனுக்கே திருப்பச் சொன்னார். வழியில் எங்கும் கொட்டிவிடக்கூடாதென்று குடோன் வாசல்வரை பின்னாலேயே போனோம்.

ஆறு காவிரியில் கலக்கும் நொய்யல் கிராமத்தை அடைந்தபோது மாலை நான்கு மணி. காவிரி அகலமாகக் கிடந்தது. பரிசலில் மீன் பிடித்துவிட்டுக் கரையேறியவர், எந்த ஊர் என்று கேட்டார்.

“கோயமுத்தூருங்க,” என்றேன்.

வலையிலிருந்து ஒரு கவரை உருவி, அதில் அச்சடித்திருந்த கடை முகவரியைப் படித்தார். “உங்க ஊருதுதானுங்க.”

அவர் கோபப்படாததுதான் சுருக்கென்றது. ஒரு லாரியைத் திருப்பிய பெருமையெல்லாம் எனக்கு அங்கேயே வடிந்துவிட்டது. சுமதி அந்தக் கவரை வாங்கிக் காருக்குள் போட்டாள்.

“ஏறுங்கக்கா. இருட்டறதுக்குள்ள அந்தப் பாலத்துக்குப் போயிரலாம். கொட்டறதுக்கு இன்னொருத்தன் வந்திருப்பான்.”

இந்த முறை நான் ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.